காந்தமில்லா மோட்டாரைக் கணிப்பதும் கட்டுப்படுத்துவதும்: எஸ்.ஆர். மோட்டாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரைச் சேர்ந்த ராபர்ட் டேவிட்சன், 1842-இல் எடின்பரோ–கிளாஸ்கோ இருப்புப்பாதையில் ஒரு மின் எஞ்சினை மணிக்கு ஏறத்தாழ 4 மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். மர உருளையின் மேல் இரும்புப் பட்டைகளைப் பதித்து, சுற்றிலும் நின்ற மின்காந்தங்கள் அவற்றை முறைவைத்து இழுக்கும்படி அவர் அந்த மோட்டாரை அமைத்திருந்தார். சுழலும் பகுதியில் சுருளும் இல்லை, நிலைக்காந்தமும் இல்லை. காந்தப்பாயத்துக்குத் தடை குறைவாக உள்ள நிலையை நோக்கி இரும்பு நகரும் என்ற ஒரே இயல்பை நம்பி ஓடிய மோட்டார் அது. மாறும் காந்தத்தடையால் இயங்கும் மோட்டார்கள் அனைத்துக்கும் அடிப்படை இந்த இயல்புதான். அந்தக் குடும்பத்தில் இன்று எஸ்.ஆர். மோட்டார் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஸ்விட்ச்டு ரிலக்டன்ஸ் மோட்டாரை இவ்வழிகாட்டி எடுத்துக்கொள்கிறது.

டேவிட்சனின் கருத்து தொழிலுக்கு வர நூறாண்டுக்கும் மேல் ஆனதற்குக் காரணம் மோட்டாரில் இல்லை. சரியான கோணத்தில் மின்னோட்டத்தை ஏற்றி, சரியான கோணத்தில் இறக்கும் விரைவான ஸ்விட்ச் அன்று கிடையாது. திறன் மின்னணுவியல் வளர்ந்த பிறகு, 1980-இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் லாரன்சனும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இந்த மோட்டாரை மீண்டும் பொறியாளர்களின் மேசைக்குக் கொண்டுவந்தது. 2010, 2011 ஆண்டுகளில் நியோடிமியம், டிஸ்ப்ரோசியம் போன்ற அருமண் உலோகங்களின் விலை திடீரென ஏறியபோது, காந்தமே தேவைப்படாத மோட்டார் என்ற வகையில் அதன்மீது கவனம் கூடியது.

இதன் கட்டமைப்பு எவ்வளவு எளியதோ, கட்டுப்பாடு அவ்வளவு கடினம். ஆயினும் அந்தக் கடினம் முழுவதும் ஒரே ஒரு வரைபடத்தில் அடங்கியிருக்கிறது. மின்னோட்டத்தையும் ரோட்டாரின், அதாவது சுழலும் பகுதியின், கோணத்தையும் பொறுத்து ஒரு பேஸின் (சேர்ந்து இயங்கும் ஒரு சுருள் தொகுதியின்) பாயத்தொடர்பு, அதாவது அச்சுருள்களின் சுற்றுகள் அனைத்தையும் ஊடுருவும் மொத்தக் காந்தப்பாயம், எப்படி மாறுகிறது என்று காட்டும் வரைபடமே அது. அதை உண்மையாக அளந்து வைத்திருப்பவருக்குக் கட்டுப்பாடு வசப்படும். ஊகித்து வைத்திருப்பவர் எத்தனை நுணுக்கமான கட்டுப்பாட்டு முறையை எழுதினாலும் அது கைகொடுக்காது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் சிறப்பு மின்பொறிகள் பாடத்தைப் படித்தவர்களுக்கு நேர்கோட்டு மாதிரி அறிமுகமாகியிருக்கும். இங்கே அதிலிருந்து தொடங்கி, சோதனை மேசையில் மோட்டாரை ஓட்டும் வரை செல்வோம்.

படி 1: கோணங்களை வரையறுத்தல்

கணக்கு தெளிவாக இருக்க, வழிகாட்டி முழுவதும் ஒரே மோட்டாரைக் கற்பனை செய்துகொள்வோம். அசையாத பகுதியான ஸ்டேட்டரில் 6 துருவங்கள், ரோட்டாரில் 4 துருவங்கள் (சுருக்கமாக 6/4), மூன்று பேஸ்கள். எதிரெதிரே உள்ள இரண்டு ஸ்டேட்டர் துருவங்களின் சுருள்கள் சேர்ந்து ஒரு பேஸ். ஸ்டேட்டர் துருவத்தின் அகலம் 30 பாகை, ரோட்டார் துருவத்தின் அகலம் 32 பாகை. பேஸின் மின்தடை 1.3 ஓம், மூல மின்னழுத்தம் 150 வோல்ட்.

ரோட்டார் துருவம் ஸ்டேட்டர் துருவத்துக்கு நேராக நிற்பதை நேர்நிலை என்றும், இரண்டு ரோட்டார் துருவங்களின் நடு இடைவெளி ஸ்டேட்டர் துருவத்துக்கு எதிரே வருவதை விலகுநிலை என்றும் கொள்வோம். விலகுநிலையை 0 பாகையாக வைத்தால் நேர்நிலை 45 பாகையில் வரும்; 90 பாகையில் மீண்டும் விலகுநிலை. துருவ விளிம்புகள் சந்திக்கத் தொடங்குவது 14 பாகையில். ஸ்டேட்டர் துருவம் முழுவதும் மூடப்படுவது 44 பாகையில். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள 30 பாகையில்தான் ஒரு பேஸ் பயனுள்ள வேலையைச் செய்கிறது. ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் உள்ள இடைவெளியும் 30 பாகைதான் என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அது பெரிய விளைவை உண்டாக்கும்.

படி 2: நேர்கோட்டு மாதிரி

மின்னோட்டம் கூடினாலும் இரும்பில் பாயம் அதே வீதத்தில் கூடாமல் போகும் காந்தத் தெவிட்டலை முதலில் ஒதுக்கி வைப்போம். ஓர் ஆம்பியருக்குரிய பாயத்தொடர்பான மின்தூண்டல் எண் விலகுநிலையில் 8 மில்லி ஹென்றி, நேர்நிலையில் 60 மில்லி ஹென்றி என்று கொண்டால், 30 பாகையில், அதாவது 0.524 ரேடியனில், அது 52 மில்லி ஹென்றி உயர்கிறது. கோணத்தைப் பொறுத்து அது மாறும் வீதம் ரேடியனுக்கு ஏறத்தாழ 0.099 ஹென்றி. திருப்புவிசை என்பது மின்னோட்டத்தின் இருமடியையும் இந்த வீதத்தையும் பெருக்கி வருவதில் பாதி. 5 ஆம்பியருக்கு 1.24 நியூட்டன் மீட்டர் கிடைக்கும்.

மின்னோட்டம் இருமடியாக வருவதால் அதன் திசைக்குத் திருப்புவிசையில் பங்கில்லை. திருப்புவிசையின் குறியை முடிவுசெய்வது மின்தூண்டல் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது மட்டுமே. ஏறும்போது மின்னோட்டம் இருந்தால் மோட்டார். இறங்கும்போது இருந்தால் ஜெனரேட்டர்.

மின்னழுத்தச் சமன்பாடும் எளியதுதான். கொடுக்கப்படும் மின்னழுத்தம், மின்தடையில் விழும் அழுத்தத்துக்கும் பாயத்தொடர்பு நேரத்தில் மாறும் வீதத்துக்கும் சமம். அந்த வீதத்தை விரித்தால் இரண்டு பகுதிகள் வரும்: மின்னோட்ட மாற்றத்தால் வருவது ஒன்று, ரோட்டார் நகர்வதால் வருவது மற்றொன்று. பின்னதுதான் எதிர் மின்னியக்கு விசைபோல் செயல்படுவது. நம் மோட்டாரில் 5 ஆம்பியர், நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் அது 78 வோல்ட். மின்தடையின் 6.5 வோல்ட்டையும் கழித்தால் மின்னோட்டத்தை ஆள 65 வோல்ட் மிஞ்சுகிறது. வேகம் ஏறத்தாழ 2760 சுற்றுக்கு வரும்போது இந்த மிச்சம் தீர்ந்துபோகிறது. அதற்கு மேல் மின்னோட்டத்தை நம் விருப்பப்படி பிடித்து வைக்க முடியாது. கோணங்களை மட்டுமே மாற்ற முடியும்.

இந்த மாதிரி சிந்திப்பதற்கு நல்லது, வடிவமைப்பை முடிப்பதற்குப் போதாது. மோட்டார் வேண்டுமென்றே தெவிட்டல் வரை இயக்கப்படுகிறது. தெவிட்டல் இல்லாத நிலையில் மூலம் தரும் ஆற்றலில் ஏறத்தாழ பாதி இயந்திர வேலையாகாமல் காந்தப்புலத்தில் தங்கி, பின்னர் மூலத்துக்கே திரும்புகிறது. தெவிட்டலில் அந்தத் திரும்பும் பங்கு குறைவதால், அதே வேலைக்கு, மோட்டாருக்கு மின்னோட்டத்தை ஏற்றி இறக்கும் ஸ்விட்ச் சுற்றான கன்வர்ட்டர் சிறியதாக இருந்தால் போதும். தெவிட்டலைக் குறையாக எண்ணித் தவிர்ப்பவர் மோட்டாரின் நல்ல பாதியை இழக்கிறார்.

படி 3: பாயத்தொடர்பு வரைபடத்தை அளத்தல்

வழிகாட்டியில் நான் அதிக நேரம் செலவிட விரும்பும் இடம் இதுதான். வரைபடத்தைக் கணினியிலும் பெறலாம், எஃப்.இ.எம்.எம். போன்ற இலவச மென்பொருள் இருபரிமாணக் கணக்கைச் செய்துவிடும். ஆனால் விலகுநிலையில் பாயத்தின் கணிசமான பகுதி சுருள்களின் முனைகளில் முப்பரிமாணத்தில் பரவுவதால், இருபரிமாணக் கணக்கு அந்த இடத்தில் குறைவான மதிப்பைத் தரும். வெட்டு ஓரங்களில் இரும்புத் தகட்டின் இயல்பு மாறுவதும் காற்றிடைவெளியின் சிறு பிழைகளும் கணினிக்குத் தெரியாது. கையில் மோட்டார் இருந்தால் அளந்துவிடுங்கள்.

முறை இது. ரோட்டாரை ஒரு கோணத்தில் அசையாமல் பிடித்து, பேஸுக்குத் திடீரென ஒரு மின்னழுத்தத்தைக் கொடுத்து, மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் நேரத்தோடு பதிவுசெய்ய வேண்டும். மின்னழுத்தத்திலிருந்து மின்தடை வீழ்ச்சியைக் கழித்து, மிச்சத்தை நேரத்தில் தொகையிட்டால் பாயத்தொடர்பு கிடைக்கும். ஒரு பதிவு, ஒரு கோணத்துக்குரிய முழு வளைவையும் தந்துவிடும். சமச்சீர் காரணமாக 0 முதல் 45 பாகை வரை அளந்தால் போதும். பாகைக்கு ஒன்று என்றால் 46 வளைவுகள். ரோட்டாரைப் பிடிக்க, பட்டறையில் பல்சக்கரம் வெட்டப் பயன்படும் டிவைடிங் ஹெட் மிகவும் பொருத்தமானது. நடுக்கோணங்களில் முழுத் திருப்புவிசையும் தண்டின்மீது வரும் என்பதால், கையால் பிடித்துக்கொள்வதோ தளர்ந்த கவ்வியை நம்புவதோ கூடாது. அளவின் நடுவே ரோட்டார் அரை பாகை நழுவினாலும் அந்த வளைவு பயனற்றது.

எந்த மின்னழுத்தத்தில் அளப்பது? குறைந்த மின்னழுத்தம் பாதுகாப்பாகத் தோன்றும். அதற்கும் ஒரு விலை உண்டு. 12 வோல்ட்டில் நேர்நிலையில் 5 ஆம்பியரை எட்ட ஏறத்தாழ 36 மில்லி விநாடி ஆகும். சுருள் 10 பாகை செல்சியஸ் சூடேறினால் செம்பின் மின்தடை ஏறத்தாழ 4 விழுக்காடு கூடும். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் பாயத்தொடர்பில் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் விழுக்காடு பிழை வரும். 150 வோல்ட்டில் அதே அளவு 2 மில்லி விநாடியில் முடிந்துவிடுவதால் இந்தப் பிழை புறக்கணிக்கத்தக்கதாகிறது. ஆனால் பாயம் அவ்வளவு வேகமாக ஏறும்போது தகடுகளில் சுழல் மின்னோட்டம் எழுந்து வேறொரு பிழையைப் புகுத்தும். என் அனுபவத்தில், மோட்டார் வேலை செய்யப்போகும் மின்னழுத்தத்துக்கு அருகில் அளந்து, ஒவ்வொரு துடிப்புக்கும் முன் மின்தடையை மீண்டும் அளந்துகொள்வதே சிறந்தது. மின்னோட்ட உணரியின் பூச்சிய விலகலைத் துடிப்புக்கு முன் உள்ள பதிவிலிருந்து கழித்துவிடுங்கள். தொகையிடும்போது சிறு விலகலும் சேர்ந்து பெருகும்.

பூச்சியக் கோணத்தைத் தேடி அலைய வேண்டாம். தண்டைத் தளரவிட்டு ஒரு பேஸில் மட்டும் மின்னோட்டம் செலுத்தினால் ரோட்டார் தானாக நேர்நிலையில் வந்து நிற்கும். தாங்கிகளின் உராய்வு ரோட்டாரை ஒரு பக்கமாகச் சற்று முன்னதாகவே நிறுத்திவிடக்கூடும் என்பதால், இரு திசைகளிலிருந்தும் வரவிட்டுச் சராசரி எடுங்கள்.

படி 4: அட்டவணையிலிருந்து உருவகப்படுத்தலுக்கு

அளந்த வளைவுகளை அப்படியே சமன்பாட்டில் வைத்தால், மின்னோட்டத்தைக் கண்டுபிடிக்க அட்டவணையை வகையிட வேண்டிவரும். அளவீட்டின் இரைச்சல் அதில் பெருகிவிடும். ஆகவே அட்டவணையைத் திருப்பிப் போடுங்கள். பாயத்தொடர்பும் கோணமும் உள்ளீடு, மின்னோட்டம் வெளியீடு. அப்போது உருவகப்படுத்தல் தொகையிடல் வழியாகவே நகரும்: மின்னழுத்தத்திலிருந்து மின்தடை வீழ்ச்சியைக் கழித்துத் தொகையிட்டால் பாயத்தொடர்பு, அதிலிருந்து அட்டவணை வழியாக மின்னோட்டம்.

திருப்புவிசைக்கு இணையாற்றல் தேவை. ஒவ்வொரு கோணத்திலும் பாயத்தொடர்பு வளைவின் கீழுள்ள பரப்பை மின்னோட்ட அச்சில் தொகையிட்டால் அது கிடைக்கும். மின்னோட்டத்தை மாற்றாமல், கோணத்தைப் பொறுத்து இணையாற்றல் மாறும் வீதமே திருப்புவிசை. இங்கே ஒரு வகையிடல் தவிர்க்க முடியாதது என்பதால், முதலில் கோணத் திசையில் மென்மையான வளைவைப் பொருத்துங்கள். நேர்நிலையிலும் விலகுநிலையிலும் திருப்புவிசை பூச்சியமாக வருகிறதா என்பது நல்ல சரிபார்ப்பு. வராவிட்டால் பூச்சியக் கோணத்தில் தவறு இருக்கிறது.

அட்டவணைக்குப் பதிலாகச் சூத்திரம் வேண்டுவோர், 1987-இல் இலிக்-ஸ்பாங், மரினோ, பெரெசாடா, டெய்லர் ஆகியோர் கையாண்ட வடிவத்தைப் பயன்படுத்தலாம். மின்னோட்டம் கூடக்கூடப் பாயத்தொடர்பு தன் தெவிட்டல் மதிப்பை அடுக்குக்குறி முறையில் நெருங்குகிறது என்றும், நெருங்கும் வேகம் கோணத்தைச் சார்ந்தது என்றும் அது கொள்கிறது. கட்டுப்பாட்டுக் கோட்பாட்டை எழுத அது வசதியானது. சோதனை மேசைக்கு நான் அட்டவணையையே பரிந்துரைப்பேன்.

படி 5: கன்வர்ட்டர்

மின்னோட்டத்தின் திசை பொருட்டல்ல என்பதால், ஒவ்வொரு பேஸுக்கும் இரண்டு ஸ்விட்சுகளும் இரண்டு டையோடுகளும் கொண்ட சமச்சீரற்ற அரைப்பாலம் வழக்கத்தில் உள்ளது. சுருள் இரண்டு ஸ்விட்சுகளுக்கும் நடுவே அமைகிறது. இரண்டையும் மூடினால் முழு மின்னழுத்தம். ஒன்றை மட்டும் திறந்தால் பூச்சியம். இரண்டையும் திறந்தால் டையோடுகள் வழியாக எதிர் மின்னழுத்தம். ஸ்விட்சுகள் நேரடியாக ஒன்றன்மேல் ஒன்றாக இல்லாததால், சாதாரண இன்வர்ட்டரில் நேரும் குறுக்குச் சுற்று இங்கே நேராது. அதே காரணத்தால் சந்தையில் எளிதில் கிடைக்கும் ஆறு ஸ்விட்ச் தொகுதிகளை அப்படியே பயன்படுத்தவும் முடியாது.

மூலத்துக்குத் திரும்பும் ஆற்றலை மறந்துவிட வேண்டாம். டையோடு ரெக்டிஃபயர் வழியாக அது மின்கட்டமைப்புக்குப் போக முடியாது, மின்தேக்கியில்தான் ஏறும். மின்தூண்டல் எண் 40 மில்லி ஹென்றியாக இருக்கும் இடத்தில் 5 ஆம்பியரைத் துண்டித்தால் அரை ஜூல். 470 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியில் அது மின்னழுத்தத்தை 150-இலிருந்து 157 வோல்ட்டுக்கு உயர்த்தும். மோட்டாரைப் பிரேக் செய்ய வைக்கப்போகிறீர்கள் என்றால், மிகை ஆற்றலை வெப்பமாக்கும் எரிப்பு மின்தடை கட்டாயம்.

படி 6: மின்னோட்டக் கட்டுப்பாடு

குறை வேகத்தில் எல்லை கட்டி வெட்டும் முறை எளிது: மின்னோட்டம் மேல் எல்லையைத் தொட்டால் ஸ்விட்ச் திறக்கும், கீழ் எல்லையைத் தொட்டால் மூடும். ஆனால் அதை நுண்செயலியில் எழுதும்போது மாதிரி எடுக்கும் வேகத்தைக் கவனியுங்கள். 8 மில்லி ஹென்றியில் 150 வோல்ட் என்றால் 100 மைக்ரோ விநாடியில் மின்னோட்டம் 1.9 ஆம்பியர் தாவிவிடும். 5 ஆம்பியரைக் கட்டுப்படுத்த 10 கிலோ ஹெர்ட்ஸ் மாதிரி போதாது என்பது இதிலிருந்தே தெரிகிறது. நேர்நிலையில் அதே நேரத்தில் மாற்றம் கால் ஆம்பியர்தான்.

இதே ஏழரை மடங்கு வேறுபாடு, பிழையையும் அதன் தொகையீட்டையும் பெருக்கித் திருத்தும் பி.ஐ. கட்டுப்பாட்டிலும் தொல்லை தருகிறது. விலகுநிலைக்குப் பொருந்தும் பெருக்கம் நேர்நிலையில் மந்தமாகிறது. நேர்நிலைக்குப் பொருந்துவது விலகுநிலையில் அலைக்கழிகிறது. தீர்வு வரைபடத்திலேயே உள்ளது. மின்னோட்டத்தோடு பாயத்தொடர்பு மாறும் வீதத்தை அந்தந்தக் கோணத்துக்கும் மின்னோட்டத்துக்கும் எடுத்து, அதற்கேற்பப் பெருக்கத்தை மாற்றுங்கள். நகர்வால் வரும் எதிர் மின்னழுத்தத்தை முன்னதாகவே கூட்டிக்கொடுங்கள். வெட்டும்போது ஒரு ஸ்விட்சை மட்டும் திறந்து பூச்சிய மின்னழுத்தத்தில் சுழலவிட்டால் அலைவும் இரும்பிழப்பும் குறையும்; இரண்டையும் திறப்பதைப் பேஸை முடிக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: தொடக்கக் கோணமும் முடிவுக் கோணமும்

துருவங்கள் சந்திக்கும் 14 பாகைக்குள் மின்னோட்டம் 5 ஆம்பியரை எட்டியிருக்க வேண்டும். விலகுநிலையில் 40 மில்லி வெபர் சுற்று பாயத்தொடர்பை ஏற்ற 150 வோல்ட்டுக்கு 0.27 மில்லி விநாடி தேவை. 1500 சுற்றில் அது 2.4 பாகை. ஆகவே 11.6 பாகையில் தொடங்குங்கள். 2700 சுற்றில் முன்னகர்வு 4.3 பாகையாகும்.

முடிவுக் கோணம்தான் பலரைத் தடுமாறச் செய்கிறது. எதிர் மின்னழுத்தத்தில் பாயத்தொடர்பு, கோணத்தைப் பொருட்படுத்தாமல் நேர்கோட்டில் இறங்கும். 46 பாகைக்குப் பிறகு மின்தூண்டல் எண் இறங்கத் தொடங்குவதால், அதற்குள் மின்னோட்டம் அணைந்தால்தான் எதிர்த் திருப்புவிசை வராது. நேர்கோட்டு மாதிரியில் 1500 சுற்றுக்குக் கணக்கிட்டால் முடிவுக் கோணம் 33.5 பாகை. பயனுள்ள 30 பாகையில் கடைசிப் பத்துப் பாகை, இறங்கும் மின்னோட்டத்தோடு கழிகிறது. அடுத்த பேஸ் வேலைக்கு வருவதோ 44 பாகையில்தான். நடுவே திருப்புவிசை பள்ளமாக விழுவதைத் தவிர்க்க முடியாது. அதனால் வாலில் சிறிது எதிர்த் திருப்புவிசையை ஏற்றுக்கொண்டு, முடிவுக் கோணத்தை 36, 37 பாகைக்குத் தள்ளுவது பெரும்பாலும் நல்ல சராசரியைத் தருகிறது. ஒவ்வொரு வேகத்துக்கும் சுமைக்கும் இந்த இரண்டு கோணங்களையும் உருவகப்படுத்தலில் தேடி, அட்டவணையாகச் செயலியில் வைத்துவிடுங்கள்.

படி 8: அலைவும் ஓசையும்

திருப்புவிசையைப் பேஸ்களுக்குள் பங்கிடும் முறையில், வெளியேறும் பேஸின் பங்கு குறையக் குறைய உள்ளே வரும் பேஸின் பங்கு கூடும், கூட்டுத்தொகை மாறாது. நேர்கோடு, கோசைன், மூன்றாம்படி என்று பங்கீட்டு வளைவுகள் பல உண்டு. நம் 6/4 மோட்டாரில் பயனுள்ள பகுதியும் பேஸ் இடைவெளியும் ஒரே 30 பாகை என்பதால் பங்கிட ஒன்றுமே இல்லை. நான்கு பேஸ் கொண்ட 8/6 மோட்டாரில் இடைவெளி 15 பாகை. துருவங்கள் 20 பாகை அகலம் கொண்டிருந்தால் 5 பாகை மேற்பொருந்துகிறது, பங்கீடு பொருள் பெறுகிறது. சீரான திருப்புவிசை வேண்டுமென்றால் முதலில் துருவ எண்ணிக்கையைத் தேர்ந்தெடுங்கள். மென்பொருளால் வடிவவியலை வெல்ல முடியாது.

ஓசை பெரும்பாலும் பேஸை அணைக்கும் கணத்தில் பிறக்கிறது. எதிரெதிரான இரண்டு துருவங்கள் ஸ்டேட்டரை முட்டை வடிவமாக இழுத்திருக்க, விசை திடீரென விலகியதும் அது மணிபோல் அதிர்கிறது. வூ, போலக் ஆகியோர் 1995-இல் விளக்கிய முறை எளிமையானது: மின்னழுத்தத்தை முதலில் பூச்சியத்துக்கும், ஒத்ததிர்வின் அரைக்காலம் கழித்து எதிர்மதிப்புக்கும் இரண்டு படிகளாக இறக்கினால், இரண்டாவது அதிர்வு முதலாவதை அழிக்கும். 2 கிலோ ஹெர்ட்ஸில் அதிரும் ஸ்டேட்டருக்கு இடைவெளி 250 மைக்ரோ விநாடி. ஒத்ததிர்வு அதிர்வெண்ணைக் கண்டறிய, மரச்சுத்தியால் ஒரு தட்டுத் தட்டி ஒலிவாங்கியில் பதிவுசெய்தால் போதும்.

படி 9: முதல் ஓட்டம்

மூல மின்னழுத்தத்தைக் கால் பங்குக்குக் குறைத்து, மின்னோட்ட எல்லையை 2 ஆம்பியரில் வைத்து, சுமையின்றித் தொடங்குங்கள். கோண உணரி ஒரு சுற்றுக்கு 1024 கோடுகள் கொண்டதாக இருந்தால் நான்மடங்கு எண்ணிக்கையில் 0.09 பாகை கிடைக்கும், அது தாராளம். அந்தக் கோடுகளைவிட முக்கியம் உணரியின் பூச்சியம். ஒரு முறை நான் கட்டிய தொகுதியில் திருப்புவிசை கணக்குக்கு எட்டாமல் பல நாள் தவித்தேன். மின்னோட்டக் கட்டுப்பாட்டை மூன்று முறை திருத்தி எழுதினேன். கடைசியில் இணைப்புத் திருகு தளர்ந்து, உணரி 3 பாகை நகர்ந்திருந்தது தெரிந்தது.

அன்றிலிருந்து ஒரு சோதனையைத் தவறாமல் செய்கிறேன். அதே மின்னழுத்தம், அதே மின்னோட்ட எல்லை, கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிய கோணங்கள் ஆகியவற்றோடு மோட்டாரை இரு திசைகளிலும் ஓட்டுகிறேன். பூச்சியம் சரியென்றால் இரண்டு வேகங்களும் மின்னோட்ட அலைவடிவங்களும் ஒத்திருக்கும். பிழை இருந்தால் ஒரு திசையில் துடிப்பு முந்தும், மறு திசையில் அதே அளவு பிந்தும். ஒரு நேரத்தில் கால் பாகையாகப் பூச்சியத்தை நகர்த்தி, இரண்டு அலைவடிவங்களும் அலைகாட்டியில் ஒன்றன்மேல் ஒன்று படியும் வரை தொடர்ந்து, அதன் பிறகே மின்னழுத்தத்தை 150-க்கு உயர்த்துங்கள்.